நெல்லிக்குப்பம் தாண்டி மனையா, மாமியார் வீட்டு மாடியா?

கேள்வி: ஐயா, கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் 24,000 ரூபாய் வருகிறது. என் மனைவி புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறார், அவருக்கு 13,000. இரண்டு பிள்ளைகள். புதுப்பாளையத்தில் 7,500 ரூபாய் வாடகையில் இருக்கிறோம், அட்வான்ஸ் 50,000. வருடா வருடம் 500 ஏற்றிவிடுகிறார்கள். சேமிப்பு மூன்று லட்சம், கொஞ்சம் நகை. நெல்லிக்குப்பம் தாண்டி 1,000 சதுர அடி மனை ஒன்று ஆறரை லட்சத்துக்கு வருகிறது. பாதியைக் கட்டினால் மீதியை மாதத் தவணையில் கொடுக்கலாம், பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது என்கிறார்கள். வண்டிப்பாளையத்தில் என் மாமனார் இடம் வாங்கிக் கட்டிய தளம் போட்ட வீடு இருக்கிறது. அவர் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. மாமியார் தனியாக இருக்கிறார், மச்சான் திருப்பூரில். "மாடியில ஒரு வீட்டக் கட்டிக்கிட்டு வந்துடுங்க" என்கிறார் மாமியார். வீட்டோடு மாப்பிள்ளை என்று பேசுவார்களே என்று தயக்கமாக இருக்கிறது. மனையை வாங்கிப் போடலாமா? இன்னொன்றும் கேட்கிறேன். எங்களைப் போல உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஊருக்குள் வீடு என்று நினைத்தே பார்க்க முடியாதபடி விலை போகிறது. இதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அந்த மனையை வாங்காதீர்கள். மாடியைக் கட்டுங்கள். கட்டடப் பொறியாளராகவும் வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீடு செய்து கொடுப்பவனாகவும் தினமும் இந்த இரண்டு வகைக் காகிதங்களையும் பார்க்கிறேன். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 'பஞ்சாயத்து அப்ரூவல்'. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குத் தனியாகக் கிடையாது. நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது நாம் டி.டி.சி.பி. என்று சொல்கிற துறை, வரைபடத்தைப் பார்த்துத் தொழில்நுட்ப ஒப்புதல் கொடுத்த பிறகுதான் உள்ளாட்சி கையெழுத்துப் போட முடியும். அந்த எண் இல்லாத லேஅவுட் அங்கீகாரம் இல்லாத லேஅவுட்தான், முகப்பில் எவ்வளவு பெரிய வளைவு கட்டியிருந்தாலும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் அப்படிப்பட்ட மனைகளைப் பதிய மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பு போட்டு விற்ற மனைகளுக்கு மட்டும் முறைப்படுத்திக்கொள்ள 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. அதற்குப் பின்னால் போட்ட லேஅவுட்டுக்கு அந்த வழியும் இல்லை.

அப்படியானால் இன்றைக்கும் எப்படி விற்கிறார்கள்? பத்திரத்தின் சொத்து விவரப் பக்கத்தைப் படித்தால் தெரியும். 'மனை எண் 47, கிழக்கு மேற்கு இத்தனை அடி' என்று இருக்க வேண்டிய இடத்தில், 'புஞ்சை, இத்தனை ஏக்கரில் பிரிபடாத இத்தனை சென்ட்' என்று இருக்கும். விவசாய நிலத்தில் ஒரு பங்கைத்தான் உங்கள் பெயருக்கு எழுதித் தருகிறார்கள். கல் நட்டுக் காட்டிய அந்த நாற்பதுக்கு இருபத்தைந்து அடி துண்டு எந்தக் காகிதத்திலும் இருக்காது. வரைபட அனுமதி கிடைக்காது, அது இல்லாமல் வங்கி வீட்டுக் கடன் கொடுக்காது. அப்புறம் மீட்டர் வட்டிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

மாதத் தவணை விஷயமும் அப்படித்தான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை பிரித்து விற்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், அதாவது ரேராவில், பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாமல் விளம்பரமே கொடுக்கக் கூடாது. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும் முன்பு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. உங்களிடம் கேட்பது பாதி. ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக் கூட்டிப் போய், பிரியாணி போட்டு, 'இன்னைக்கே புக் பண்ணினா ஒரு கிராம் தங்கம்' என்று சொல்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ரேரா நம்பர் என்ன?" அவர் சொல்கிற எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அநேகமாக எண் வராது, 'நம்ம ஊருக்கு அதெல்லாம் தேவையில்லை' என்றுதான் பதில் வரும்.

சரி, காகிதம் எல்லாம் சுத்தமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எனக்கு அந்த மனை உங்களுக்கு லாபம் என்று படவில்லை. நெல்லிக்குப்பத்துக்கு அப்பாலிருந்து சிப்காட் ஒரு வழிக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல். மாதம் 26 நாள் போய்வந்தால் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும், பெட்ரோலே இரண்டாயிரத்துக்கு மேல் வரும். நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது பஸ் கிடையாது. உங்கள் மனைவி புதுச்சேரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கடை மூடி அவர் வீடு சேரும் நேரத்தையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று தண்ணீர். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணையில் இறங்கியபோது என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மாவட்டத்தில் வயலாக இருந்த இடத்தைக் கோடையில் போய்ப் பார்த்து வாங்கக் கூடாது. பக்கத்து மோட்டார் கொட்டகைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 1,000 சதுர அடி மனையை மூன்றடி உயர்த்த 3,000 கன அடி மண் வேண்டும், அதாவது 30 யூனிட். இன்றைக்கு ஒரு யூனிட் கிராவல் என்ன விலை என்று விசாரித்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். போர், கரண்ட் கம்பம், கழிவுத் தொட்டி எல்லாம் அதற்கு மேல். ஆறரை லட்ச மனையில் 450 சதுர அடி வீடு எழும்பி நிற்கும்போது மொத்தம் பதினெட்டு லட்சத்துக்குக் குறையாது. அதுவரை புதுப்பாளையம் வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது மாமியார் வீட்டுக்கு வருவோம். அதே 450 சதுர அடியை, ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை கழிப்பறையோடு மாடியில் கட்ட, சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் சுமார் 10 லட்சம். வெளிப்படி, மேல்நிலைத் தொட்டி, தனி மீட்டர் எல்லாம் சேர்த்து 11 லட்சம். கையில் இருக்கும் மூன்றைப் போட்டால் கடன் எட்டு லட்சம். 8.5 சதவீத வட்டியில் 15 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 7,900 ரூபாய். இப்போது நீங்கள் கொடுக்கும் வாடகைக்கு 400 ரூபாய்தான் கூடுதல், அதுவும் வருடா வருடம் ஏறாது. மண், போர், சாலை, கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் உங்கள் மாமனார் எப்போதோ செலவு செய்து முடித்துவிட்டார். மலிவு என்பது இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆனால் நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். முதல் வேலை, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது. மாமனார் பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மாமியார், உங்கள் மனைவி, மச்சான் மூவருக்கும் சம பங்கு. மாமனாரின் தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. 'மாடியில கட்டிக்கோ' என்று மாமியார் மனசார வாயால் சொல்வது வங்கிக்குப் போதாது, பத்து வருடம் கழித்து உங்களுக்கே போதாது. வாரிசுச் சான்று வாங்குங்கள். பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று போட்டு, கீழ்த்தளம் மாமியாருக்கும் மச்சானுக்கும், மேல்தளம் கட்டும் உரிமையும் நிலத்தில் அதற்குரிய பிரிபடாத பங்கும் உங்கள் மனைவிக்கும் என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். படிக்கட்டு, குடிநீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் பொது என்பதையும், அதற்கு மேலே இன்னொரு மாடி எழுப்பும் உரிமை யாருக்கு என்பதையும் விடாமல் எழுதுங்கள். நான் பார்த்த அண்ணன் தங்கை வழக்குகளில் பாதி மொட்டை மாடியில்தான் ஆரம்பித்தது.

செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலை முதல் அதற்கு உச்ச வரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய். வெளியாரிடம் மனை வாங்கினால் இரண்டும் சேர்ந்து 9 சதவீதம். மச்சானை நேரில் போய்ப் பாருங்கள். போனில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது. அவருக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்று வந்தால் கொடுங்கள், அதையும் பத்திரத்தில் காட்டுங்கள்.

இரண்டாவது வேலை, கீழ்வீடு தாங்குமா என்று பார்ப்பது. இதை மேஸ்திரி தட்டிப் பார்த்துச் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு பொறியாளரைக் கூட்டிப் போய், வெளிச்சுவர் ஓரமாக அஸ்திவாரம் தெரியும் வரை ஒரு குழி வெட்டச் சொல்லுங்கள். எத்தனை அடி ஆழம், அடியில் எவ்வளவு அகலம், களிமண்ணா மணலா என்பது அப்போதுதான் தெரியும். பில்லர் வைத்துக் கட்டியதா, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே சுமை தாங்குகிறதா என்பது அடுத்தது. நம் ஊரில் எல்லாரும் 'பின்னாடி மாடி எடுக்கலாம்' என்று பில்லர் கம்பியை இரண்டடி நீட்டி விட்டிருப்பார்கள். கடல் காற்றில் அது செதில் செதிலாக உரிந்து, 16 எம்.எம். கம்பி சுண்டுவிரல் தடிமனுக்குக்கூட இல்லாமல் நிற்கும். அதன் தலையில் புதுக் கம்பியைக் கட்டி கான்கிரீட் போட்டுவிடுவார்கள் சிலர். விடாதீர்கள். துரு இல்லாத இடம் வரும் வரை பழைய கான்கிரீட்டைக் கொத்தி, கம்பியைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் துளையிட்டுப் புதுக் கம்பியை ரசாயனப் பசை வைத்து நட வேண்டும். கீழ்த்தளத்துக் கூரையில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறதா, சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இதெல்லாம் சரிசெய்ய ஒரு லட்சம் ஆனாலும் கணக்கு உங்கள் பக்கம்தான். தாங்காது என்று பொறியாளர் சொன்னால் மட்டும் அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள், அதில் பேரம் கிடையாது.

அனுமதி இப்போது பெரிய தலைவலி இல்லை. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் 7 மீட்டர் உயரத்துக்குள் கட்டுகிற வீட்டுக்கு, சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. ஏற்கெனவே இருக்கும் வீட்டின் மேல் எழுப்பும் மாடிக்கும் அது பொருந்துமா என்று மட்டும் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கும் விவரம் உண்மையாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை ஏற்கெனவே அடைத்திருந்தால் முன்கூட்டியே பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

கடன் வாங்கும்போது பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புற இரண்டாம் கட்டத்தைக் கேளுங்கள். உங்கள் இருவர் வருமானம் ஆண்டுக்கு நான்கரை லட்சத்துக்குள் வருகிறது. மூன்று முதல் ஆறு லட்சம் வரை குறைந்த வருவாய்ப் பிரிவு. 35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டுக்கு 25 லட்சம் வரை கடன் வாங்குகிறவர்களுக்கு, முதல் 8 லட்சத்துக்கு, 12 ஆண்டு வரையிலான காலத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து தவணையாகக் கடன் கணக்கில் வரவாகும். உங்கள் கடன் சரியாக எட்டு லட்சம் என்பதால் முழுக் கடனுக்கும் இது பொருந்தும். ஆனால் இந்தியாவில் எங்கும் சொந்தமாகக் காரை வீடு இருக்கக் கூடாது என்பது விதி. பாகப்பிரிவினையில் கீழ்வீட்டிலும் ஒரு பங்கு உங்கள் மனைவி பெயரில் நின்றால் சிக்கல் வரலாம். பத்திரம் எழுதும் முன்பே வங்கி அதிகாரியிடம் வாசகத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள், எழுதிய பிறகு கேட்டால் பயனில்லை.

வீட்டோடு மாப்பிள்ளை விஷயம். நான் சொல்வது பொறியாளர் பதில், கோபித்துக்கொள்ளாதீர்கள். படியை வெளியே வையுங்கள், மீட்டரைத் தனியாக வையுங்கள், அடுப்பைத் தனியாக வையுங்கள். ஊர் எத்தனை நாள் பேசும்? அந்த அம்மாவும் வயதான காலத்தில் தனியாக இருக்கிறார். நீங்களும் நைட் ஷிப்ட், உங்கள் மனைவியும் கடையில் என்றால் பள்ளி விட்டு வருகிற பிள்ளைகளுக்குக் கதவு திறக்க ஓர் ஆள் இருப்பது சின்ன விஷயமா?

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கடலூரில் நிலம் ஏன் இப்படி விலை ஏறுகிறது? கிழக்கே கடல், நடுவே கெடிலம், வடக்கே தென்பெண்ணை, தெற்கே உப்பனாறும் பரவனாறும். தண்ணீர் நிற்காத மேட்டு நிலம் கொஞ்சம்தான். பக்கத்திலே புதுச்சேரி. அதற்கோ நிலப்பரப்பே துண்டு துண்டாகக் கிடக்கிறது, அங்கே வேலை பார்ப்பவர்களும் இந்தப் பக்கம் இடம் தேடுகிறார்கள். இதெல்லாம் இயற்கையும் வரலாறும் செய்த காரியம். ஆனால் நாம் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. எந்தப் பழைய நகருக்குள் நுழைந்தாலும், அங்கீகாரம் பெற்ற, சாலை போட்ட, விளக்குப் போட்ட மனைப்பிரிவில், வீடுகளுக்கு நடுவே சீமைக்கருவேலம் முளைத்த காலி மனைகளைப் பார்க்கலாம். யாரோ பெண்ணுக்குச் சேர்த்து வைத்தது, யாரோ துபாய்ப் பணத்தைப் போட்டு வைத்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நம்மவர்களுக்கு வங்கியைவிட மண்ணில்தான் நம்பிக்கை. ஆனால் அந்த மனை சும்மா கிடப்பதற்கு அவர்கள் கட்டும் காலி மனை வரி மிகக் குறைவு. அதை உறைக்கிற அளவுக்கு உயர்த்தினால் அதில் கொஞ்சமாவது விற்பனைக்கு வரும், கொஞ்சத்தில் வாடகை வீடுகள் எழும்பும். குலுக்கலில் நூறு பேருக்கு ஃபிளாட் கொடுப்பதைவிட அது அதிகம் பேருக்கு உதவும் என்பது என் எண்ணம்.

அரசு கட்டுவதே இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டு வசதி வாரியம் 1961-லிருந்து இருக்கிறது, குடிசை மாற்று வாரியம் 1970-லிருந்து இருக்கிறது, இப்போது அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். ஆனால் நிலம் எங்கே மலிவோ அங்கே போய்க் கட்டுகிற பழக்கம் விடவில்லை. சென்னையில் குடிசைகளிலிருந்து ஊர் ஓரத்துக் குடியிருப்புகளான கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனவர்களுக்கு வீடு கிடைத்தது, வேலை பழைய ஊரிலேயே நின்றுவிட்டது. அதையே சின்ன ஊர்களிலும் செய்ய வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். இன்னொரு பக்கம், ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். தொழிலாளிக்கு வாடகைக்கு இடம் கட்டித் தருவது அரசால் முடியும் என்பதற்கு அது சாட்சி. கடலூர் சிப்காட்டுக்கு அது வந்தால் குடும்பத்தோடு தங்கும் சின்ன வீடுகளாக, ஊர்ப்பக்கம் தள்ளி வர வேண்டும். ரசாயன ஆலைகளை ஒட்டியே கட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காற்றைப் பற்றி, சிப்காட்டை ஒட்டிய குடிகாடு கிராமத்தில் இருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

மாநகராட்சியால் நாளைக்கே முடிகிற ஒன்று உண்டு. உங்கள் மாமியார் வீடு போல மாடி எழுப்பக் காத்திருக்கும் பழைய தள வீடுகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவற்றுக்குக் குறைந்த கட்டணத்தில் அஸ்திவாரச் சோதனை, 400, 500 சதுர அடிக்கான மாதிரி வரைபடங்கள், ஒரே இடத்தில் வங்கி ஆள். இதைச் செய்தால் ஒரு சென்ட் நிலம் கையகப்படுத்தாமல் ஊருக்குள்ளேயே வீடு பெருகும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதைக் கேளுங்கள். சாலை, விளக்கு கேட்பது போல இதையும் கேட்கலாம்.

மாடி சரிப்படவில்லை என்றால், அங்கீகாரம் உள்ள பெரிய லேஅவுட்களில் விசாரியுங்கள். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதி இடத்தில் 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்கான சின்ன மனைகளாக ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. வரைபடத்தில் ஈ.டபிள்யூ.எஸ். என்று குறித்திருக்கும். ஏஜென்ட் அதைக் காட்ட மாட்டார், நீங்கள்தான் வரைபடத்தை வாங்கிப் பார்க்க வேண்டும். மனைவி பெயரில் வாங்கினால், மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும், 2025 ஏப்ரல் முதல் இது உண்டு. கன்னியக்கோவில், பாகூர் பக்கம் யாராவது காட்டினால் அது புதுச்சேரி எல்லை என்பதை நினைவில் வையுங்கள். நான் மேலே சொன்ன தமிழ்நாட்டு விதிகளும் சலுகைகளும் அங்கே செல்லாது, அனுமதியும் அங்குள்ள நகர அமைப்புக் குழுமத்திடம்தான்.

எப்படியும் குடி போக ஒரு வருடம் ஆகும். அதுவரை இருக்கும் வாடகை வீட்டையும் ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான், உங்கள் கணக்கில் 22,500. 50,000 என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதை இப்போது கிளற முடியாது. ஆனால் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தமே எழுதவில்லை என்றால் இப்போதாவது எழுதி, அரசு இணையதளத்தில் பதிவு செய்து எண் வாங்குங்கள். கையில் கொடுத்த அட்வான்ஸுக்கு ரசீதும் கேட்டு வாங்குங்கள். மாடிக்கு ஜன்னல் போடும் நேரத்தில் அந்தப் பணம் உங்களுக்குத் தேவைப்படும்.